தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள்

'பிள்ளைகளே' என்று உங்களைக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை. நர்ஸிங் படித்து முடித்து, சீருடை போட்டு, வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் முன்னால் ஒருவர் மூச்சுக்குத் திணறும்போது நீங்கள் யாருடைய பிள்ளை என்று யாரும் கேட்கப் போவதில்லை. அதனால் கூட வேலை பார்க்கிறவர்களிடம் பேசுவது போலவே பேசுகிறேன்.

நெய்வேலியை ஒட்டி, மந்தாரக்குப்பம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை வார்டில் முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தேன். கடைசிப் பத்து வருடம் வார்டு பொறுப்பு. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் தவறுகள் என்னுடையவை. ஊசி, மருந்து அளவு, மெஷின் இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது நோயாளியின் கையில் நாம் கொடுக்கும் ஒரு பட்டனைப் பற்றி மட்டும்தான்.

அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு வலி பம்ப் வைக்கிறோம். வலிக்கும்போது நோயாளியே பட்டனை அழுத்தினால், பம்ப் ரத்தக்குழாய் வழியாகக் கொஞ்சம் மார்ஃபினை உள்ளே அனுப்பும். ஒரு முறை போனபின் எட்டு நிமிடத்துக்கு எத்தனை தடவை அழுத்தினாலும் மருந்து போகாது. எனவே ஆபத்தில்லை, நோயாளியும் நமக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எங்களிடம் இது வந்தபோது நான் வேலையில் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது.

இதைக் கொண்டுவந்தவர் புதிதாகச் சேர்ந்த மயக்க மருந்து டாக்டர். என் மகனைவிட இளையவர். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. முதல் நாளே என்னிடம், மெஷினைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், நோயாளிக்குப் புரியவைப்பது என் பொறுப்பு என்றும் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. எல்லா மாவட்டத்து ஆட்களும் வந்து குடியிருக்கும் ஊர் இது. சுரங்கக் குவார்ட்டர்ஸ்காரர்களிடம் ஒரு மாதிரி, கம்மாபுரம் பக்கத்து விவசாய சம்சாரிகளிடம் ஒரு மாதிரி பேச எனக்குத் தெரியும். பட்டனை அழுத்தச் சொல்வதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நினைத்தேன்.

ஏழுமலை வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்தும் கரியை வாரிப் போடும் காண்ட்ராக்ட் தொழிலாளி. வயது நாற்பத்தெட்டு. காலை ஷிப்டில் பாதியில் வயிற்றில் கத்தி இறங்கியது போல வலி வந்திருக்கிறது. மனிதர் யாரிடமும் சொல்லாமல் மிச்ச நேரத்தையும் நின்று முடித்திருக்கிறார். ஷிப்ட் பஸ்ஸில் வந்து, இறங்கி, வீட்டுக்கு நடந்து போய், வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இரைப்பையில் ஓட்டை விழுந்திருந்தது. சாயங்காலமே வயிற்றைத் திறந்து தைத்தார்கள். மார்புக்குக் கீழே தொடங்கித் தொப்புள் வரை வெட்டு.

மறுநாள் காலை டூட்டிக்கு வந்ததும் இந்தக் கதையை அவர் மனைவி அஞ்சலை சொல்லக் கேட்டேன். ஓட்டை விழுந்த இரைப்பையோடு ஒருவர் ஷிப்டை முடித்தார் என்று கேட்டு வியந்தேன். வியந்ததோடு விட்டுவிட்டேன். அந்த மனிதர் வலியை என்ன செய்வார் என்பதற்கு அதைவிடத் தெளிவான தகவல் எந்த சார்ட்டிலும் இருக்கப் போவதில்லை. அது என் காதில் விழுந்தது, வேலைக்கு உதவவில்லை.

அவசர ஆபரேஷன் என்பதால் முன்கூட்டியே எதையும் விளக்க நேரமில்லை. மயக்கம் பாதி தெளிந்து கிடந்தவரின் கையில் பட்டனை வைத்தேன். எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன்.

"வலி தாங்க முடியலன்னா இத அமுத்துங்க. மருந்து தானா உள்ள போயிடும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினார். அவர் கட்டைவிரலைப் பிடித்து ஒரு முறை அழுத்தியும் காட்டினேன். சார்ட்டில் 'விளக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். மொத்தமே ஒரு நிமிடம்தான்.

கொஞ்ச நேரத்தில் அஞ்சலை வராண்டாவில் என் பின்னாலேயே வந்தார். அது என்ன மருந்து என்று கேட்டார். வலிக்குக் கொடுப்பது என்றேன்.

"போத மருந்துன்னு பக்கத்து பெட்டுல சொல்றாங்க. மெய்தாங்க?"

அப்போது ஒரு விபத்து கேஸ் உள்ளே வந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டே, "அந்த வகைதான்மா. ஆஸ்பத்திரில குடுத்தா ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாய் எடுத்ததைப் பார்த்தேன். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஏழுமலை ஒரு காலத்தில் மொடாக்குடியராக இருந்து, ஒன்பது வருடத்துக்கு முன்னால் அடியோடு விட்டவர் என்பதும், திரும்ப ஏதாவது போதை உடம்பில் ஏறினால் பழைய ஆளாகிவிடுவாரோ என்று அஞ்சலை நடுங்கிப்போயிருந்தார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று அவர் நேராகக் கட்டிலுக்குப் போய்க் கணவர் காதில், முடிந்த மட்டும் அதை அழுத்தாதே என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஒன்றரை நாள் ஏழுமலை எங்களுக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. மல்லாந்து, கண்ணை மூடி, துண்டின் ஒரு முனையைப் பல்லுக்கு இடையில் வைத்துக்கொண்டு கிடந்தார். ஒவ்வொரு முறை போகும்போதும் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பேன். பரவாயில்லை என்பார். நான் 'குறைவு' என்று எழுதுவேன். எதிர்க் கட்டிலில் குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஒருவர், சின்ன ஆபரேஷன்தான், நாள் முழுக்க முனகிக்கொண்டிருந்தார். அவரிடம் நான், "அவரப் பாருங்க, எவ்வளவு பெரிய ஆபரேஷன். எப்படி அமைதியா இருக்காரு" என்றேன். ஏழுமலை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். லேசாகச் சிரித்தது போலவும் இருந்தது. நல்ல பேஷன்ட் என்ற பெயரையும் அவர் தலையில் நானே ஏற்றி வைத்தேன். அதற்கப்புறம் அவர் எப்படி வாயைத் திறப்பார்?

இரண்டாம் நாள் மதியம் காய்ச்சல் வந்தது. மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் இருந்தது. இருமச் சொன்னால் வாயை இறுக்கிக்கொண்டு மூச்சை அடக்கினார். இருமத் தெரியவில்லை போல, நாளைக்கு இன்னொரு முறை சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். காய்ச்சலுக்கு ஊசி போட்டோம்.

மூன்றாம் நாள் காலை மயக்க மருந்து டாக்டர் வந்தார். இடையில் ஒரு நாள் அவர் லீவு. வந்தவர் ஏழுமலையின் முகத்தைப் பார்த்தார், பிறகு நேராகப் பம்பிடம் போனார். எத்தனை தடவை பட்டன் அழுத்தப்பட்டது என்று அந்த மெஷினிலேயே பதிவாகியிருக்கும். இரண்டு நாளாக நான் ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை. அதில் இரண்டு என்று இருந்தது. ஒன்று, நான் அவர் விரலைப் பிடித்து அழுத்திக் காட்டியது. இன்னொன்று, விரிப்பு மாற்றப் புரட்டியபோது கை தன்னால் இறுகி அழுத்தியது.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஏன் அழுத்தவில்லை என்று கேட்டார். ஏழுமலை பேச மூச்சு போதாமல் விட்டு விட்டுச் சொன்னார்.

"பெல்ட்டு ஓடிகினு இருக்கசொல்ல பக்கத்துல ஒரு கயிறு வருங்க. இழுத்தா மொத்த லைனும் நின்னுரும். கை போயிரும்னா மட்டுந்தான் இழுக்கணும். சும்மா இழுத்தா என்கொயரி. இருவத்திரண்டு வருசத்துல நான் ஒருதபா கூட இழுத்தது இல்லிங்க."

"வலி இருந்துதா?" என்று டாக்டர் கேட்டார்.

"இருந்துதுங்க."

"எவ்வளவு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தாங்கிகினேங்க" என்றார்.

டாக்டர் என்னை வராண்டாவுக்கு அழைத்துப் போனார். பட்டனைக் கொடுத்தபோது அவரிடம் நான் என்ன சொன்னேனோ, அதை வார்த்தை மாறாமல் சொல்லச் சொன்னார். தாங்க முடியலன்னா என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. என் வாயிலிருந்து நூறு பேருக்குப் போன அந்த வாக்கியத்தை அன்றைக்குத்தான் நானே முதல்முறையாகக் கேட்டேன். தாங்க முடிந்தவர் எதற்கு அழுத்துவார்? பாதி ஷிப்டில் வயிறு கிழிந்தபோதும் தாங்கியவர் அவர். நான் சொன்னதை ஏழுமலை தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. சரியாகவே புரிந்துகொண்டு, சொன்னபடியே செய்திருந்தார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்த் தானே மருந்தைக் கொடுத்து, வலி இறங்கியதும் அவரை உட்காரவைத்து இருமச் சொன்னார். ஏழுமலை இருமினார். பழுப்பும் பச்சையுமாகச் சளி வந்தது. ஆனால் வலிக்குப் பயந்து இருமாததால் அதற்குள் இரண்டு நுரையீரலின் அடிப்பாகமும் சளி கட்டிப் போயிருந்தது. இருபத்திரண்டு வருடக் கரித்தூசியும் பீடியும் குடித்த நுரையீரல். அன்று மதியமே வென்டிலேட்டர் வைத்தார்கள். ஏழாம் நாள் முற்பகல் பதினோரு மணிக்கு இறந்தார்.

அவருடைய சாவுக்கு நான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். "அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது சிஸ்டர். லேட்டா வந்தாரு, நுரையீரல் ஏற்கெனவே மோசம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "சம்பந்தமே இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார். பொய் சொல்லாத ஒருவரோடு வேலை செய்வது சில நாட்களில் கஷ்டமாக இருக்கும்.

நான் உண்மையில் சொல்ல வந்தது அதற்கடுத்து நடந்ததை. உடலைக் கொண்டுபோக வண்டி வரும்வரை அஞ்சலை வராண்டா பெஞ்சில் இருந்தார். அழவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் நாலைந்து பேர் ஷிப்ட் உடையோடு சுவர் ஓரமாக நின்றிருந்தார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான்தாங்க அமுத்த வேணாம்னேன்" என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்பது எனக்கு அந்த நொடியே முழுதாகப் புரிந்தது. அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஏழுமலை அழுத்தியிருக்க மாட்டார், அதற்கு என் வாக்கியமே போதும் என்று எனக்குத் தெரியும். எண்ணிக்கையைப் பார்க்காதது நான், 'குறைவு' என்று எழுதியது நான், அவர் சந்தேகம் கேட்டபோது நடந்துகொண்டே பதில் சொன்னது நான். எல்லாம் தெரிந்தும் நான் என்ன செய்தேன்? அவர் தோளில் கை வைத்து, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், எல்லாம் நம் கையில் இல்லை என்றேன். இருபத்தாறு வருடமாக எல்லாருக்கும் சொல்லிப் பழகிய வார்த்தைகள். பழி அவர் மேல் போய் உட்கார்ந்தது. அது எனக்கு வசதியாக இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

அதன் பிறகு நான் மாறினேன். அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். வலி வரும் போலத் தோன்றினாலே அழுத்துங்கள், தயங்க வேண்டாம், இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். ஒரு நாளைக்கு நாலு முறை எண்ணிக்கையைப் பார்த்தேன். குறைவாக இருந்தால் நோயாளியைக் கடிந்தேன். பயந்துபோன ஆள் தவறைத் திருத்தும்போது எதிர்ப்பக்கத்தில் போய் விழுவார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து, குறிஞ்சிப்பாடியிலிருந்து சரஸ்வதி என்ற அம்மா வந்தார். வீட்டிலேயே தறி வைத்து நெய்கிறவர், அறுபது தாண்டியவர். பெருங்குடலில் கட்டி. கூட இருந்தது அவருடைய ஒரே மகள் சுமதி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். இந்த முறை நான் ஆபரேஷனுக்கு முதல் நாளே பம்பை எடுத்துப் போய், இரண்டு பேரையும் உட்காரவைத்து அரை மணி நேரம் விளக்கினேன். பட்டனை அழுத்த வைத்துப் பார்த்தேன். போதைக்கு அடிமையாகிவிட மாட்டார்கள் என்று, அவர்கள் கேட்பதற்கு முன்பே சொன்னேன். சரஸ்வதி அம்மா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். அந்தச் சரியை நான் நம்பவில்லை. அவரும் ஏழுமலை போலப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார் என்று எனக்கு ஒரு பயம். மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா அமுத்த மாட்டாங்க. நீங்க விடாதீங்க. வலி வராம பாத்துக்கறது உங்க பொறுப்பு" என்றேன்.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். பட்டனை நோயாளி மட்டும்தான் அழுத்த வேண்டும்.

அது ஏன் என்று உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். மருந்து அதிகமானால் நோயாளி தூங்கிவிடுவார். தூங்குகிறவர் கை அழுத்தாது. மருந்து தானாக நின்றுவிடும். அந்த பம்பில் இருக்கும் பெரிய பாதுகாப்பு அதுதான். இன்னொருவர் விரல் அதில் பட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். வார்டு அமைதியாக இருந்தது. சரஸ்வதி அம்மாவின் கட்டிலைத் தாண்டும்போது ஒரு குறட்டை கேட்டது. இழுத்து, நின்று, வெகு நேரம் கழித்து மறுபடி இழுக்கும் குறட்டை. சுமதி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் அம்மாவின் கை, இன்னொரு கையில் பட்டன். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா தூங்கறாங்க சிஸ்டர். எழுப்ப மனசு வரல. எட்டு நிமிசத்துக்கு ஒருதபா நானே அமுத்திகினு இருக்கேன்."

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு ஆறு. உதடு நிறம் மாறத் தொடங்கியிருந்தது. பேரைச் சொல்லி உலுக்கினேன். அசைவில்லை. டாக்டரைக் கூப்பிட ஓட வேண்டும் என்று கால் துடித்தது. ஓடவில்லை. நீங்களும் ஓடாதீர்கள். நீங்கள் திரும்பி வரும்வரை அந்த உடம்பு உங்களுக்காகக் காத்திருக்காது. பம்பை நிறுத்தினேன். தலையைச் சாய்த்துத் தாடையைத் தூக்கிப் பிடித்தேன். ஆக்சிஜன் வைத்துக்கொண்டே, எதிரில் நின்ற நர்ஸிடம் டாக்டரைக் கூப்பிட்டு, மார்ஃபினை முறிக்கும் மாற்று மருந்தையும் கொண்டுவரச் சொன்னேன். மூச்சு இழுங்கம்மா என்று காதருகில் கத்தினேன். சொன்னால் ஒரு மூச்சு இழுப்பார். சொல்வதை நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். டாக்டர் வரும்வரை ஒவ்வொரு மூச்சையும் சொல்லிச் சொல்லித்தான் வாங்கினேன்.

மாற்று மருந்து போன இரண்டாவது நிமிடம் சரஸ்வதி அம்மா கண்ணைத் திறந்தார். திறந்ததும் அலறினார். மருந்தின் வேலை மொத்தமும் அறுந்து போனதால் வெட்டின் வலி முழுசாகத் திரும்பியிருந்தது. பிழைத்துவிட்டார், ஆனால் அந்த அலறலைக் கேட்ட யாருக்கும் நிம்மதி வரவில்லை.

சுமதி சுவரோடு சுவராக நின்றிருந்தார். தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலையிடம் நான் பார்த்த அதே முகம். அதற்குள் சர்ஜனும் வந்துவிட்டார். யார் அழுத்தியது என்று சத்தம் போட்டார். சுமதி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நான் சொல்லித்தான் செஞ்சாங்க டாக்டர். வேற யாரும் அமுத்தக் கூடாதுன்னு நான் சொல்லல. தப்பு என்னுது."

சர்ஜன் அதற்குமேல் என்னிடம் பேசியதைச் சொல்ல வேண்டியதில்லை. மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன். சுமதியை வராண்டாவுக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்து, அதையே மறுபடி சொன்னேன். ஒருமுறை சொன்னது மனதில் இறங்கவில்லை. அம்மாவை நானே கொல்லப் பார்த்தேனே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். பம்ப் எப்படி வேலை செய்கிறது, நான் எதைச் சொல்லாமல் விட்டேன், அவர் செய்தது நான் சொன்னதைத்தான் என்று. சாயங்காலம் வரை ஆயிற்று. கடைசியில் அழுதார். அழுது முடித்து, அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஆனாலும், வீட்டுக்குப் போகும்வரை எந்தப் பட்டனையும், கட்டிலை உயர்த்தும் பட்டனைக்கூட, அவர் தொடவில்லை.

சுமதிக்கு ஒரு மதியத்தில் நான் செய்ததை அஞ்சலைக்கு மூன்று மாதமாகச் செய்யவில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. வேலை இருக்கிறது, முகவரி தெரியாது, ஆறிப்போன புண்ணைக் கிளற வேண்டாம் என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறியதா இல்லையா என்று யாரைக் கேட்டேன்?

அந்த வார ஆஃப் நாளில் போனேன். மந்தாரக்குப்பத்தில் அவர்கள் இருந்த வாடகை வீடு காலியாக இருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்து, கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் அஞ்சலையின் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அஞ்சலை களை எடுக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். காலில் சேறு. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். நான் தண்ணீரைக் குடிக்காமல் சொல்லத் தொடங்கினேன். பட்டனைக் கொடுக்கும்போது ஏழுமலையிடம் நான் சொன்ன வார்த்தை, கயிற்றைப் பற்றி அவர் சொன்னது, நான் பார்க்காமல் விட்ட எண்ணிக்கை, சார்ட்டில் எழுதியது. நீங்கள் காதில் சொன்னது காரணமில்லை, அதற்கு முன்பே அவர் அழுத்தக் கூடாது என்று முடிவு செய்திருந்தார், அதற்கு நான்தான் காரணம் என்றேன்.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். சேறு காய்ந்து காலில் வெடித்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கி பெஞ்சில உக்காந்துகினு நான்தான் வேணாம்னேன்னு சொன்னன்ல. அப்பவே உங்களுக்கு இது தெரியுங்களா?"

தெரியும் என்றேன்.

"எம் பொண்ணு கேட்டுது, அப்பாவுக்கு இன்னா ஆச்சின்னு. நான்தான் மருந்து வேணாம்னு சொல்லிட்டேன், அதான் போயிட்டாருன்னு சொன்னேன். கருமாதிக்கு வந்துட்டு போனதுதான். அதுக்கப்பறம் எங்கூட பேசறது இல்லிங்க. போன் பண்ணாலும் எடுக்கறது இல்ல."

மகள் பெயர் கலா. குறிஞ்சிப்பாடி பக்கத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மூன்று மாதமும் நான் டூட்டிக்குப் போய் வந்திருக்கிறேன், வீட்டில் சமைத்திருக்கிறேன், ஒரு கல்யாணத்துக்கும் போயிருக்கிறேன். அங்கே ஒரு வீட்டில், என் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தையைத் தன் வாயால் சொல்லி ஒரு பெண் தன் மகளை இழந்திருக்கிறார்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இதைத்தான். பட்டனைக் கொடுக்கும்போது என்ன சொல்வது என்று இப்போது அச்சடித்த தாள் வந்துவிட்டது. அதைப் படித்துக் காட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எதற்கு அழுத்துவீர்கள், எப்போது அழுத்துவீர்கள், யார் அழுத்துவார்கள் என்று அவர்கள் வாயால் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். கண்ணை மூடிக் கிடப்பவரைப் பார்த்து வலி இல்லை என்று எழுதாதீர்கள். மூச்சை ஆழமாக இழுக்க முடிகிறதா, இரும முடிகிறதா என்று கேளுங்கள். இவையெல்லாம் பழகினால் வந்துவிடும். தவறு நடந்த அன்றே வராண்டாவுக்குப் போய் அந்த வீட்டு ஆளிடம் உண்மையைச் சொல்வது மட்டும் பழகினாலும் வராது. ஒவ்வொரு முறையும் புதிதாகவே கஷ்டப்பட வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டால் மறுநாள் அது இன்னும் கஷ்டம்.

அன்று அஞ்சலையிடம், கலாவிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். அவர் எழுந்து காலைக் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். விருத்தாசலம் ரோட்டைத் தாண்டி, நெய்வேலி வந்து, பஸ் மாறி, குறிஞ்சிப்பாடி போகும்வரை அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

கலா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் யார் என்று சொல்லிக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை சுருக்கமாக வந்தது. கையில் இருந்த ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள், அதில் தண்ணீர் வருவது நின்றபிறகும். நான் முடித்ததும், "அப்பா வலியோடதான் கெடந்தாரா, கடைசி வரைக்கும்?" என்று கேட்டாள்.

"மூணாம் நாளுலேந்து வலி இல்ல. அதுக்கு முன்னாடி இருந்துது" என்றேன்.

அவள் துணியைக் கொடியில் போட்டாள். என்னைப் பார்க்காமல், "நீங்க போங்க" என்றாள். பிறகு தன் அம்மாவிடம், "நீ உள்ள வாம்மா. சாப்ட்டியா?" என்றாள்.

அஞ்சலை திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.